'செட்' என்ற ஒரு சொல்லுக்கு 430 பொருள்: பிள்ளை அத்தனையும் மனப்பாடம் செய்யணுமா?

மார்ச் 4, இரவு 9:12. உட்லண்ட்ஸ் வாசகியின் கேள்வி

மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். துணைப்பாட வகுப்பில் 'செட்' வைத்து வரும் தொடர்களை மட்டும் மூன்று பக்கம் அச்சடித்துக் கொடுத்து, அடுத்த வகுப்புக்குள் ஒப்பிக்கச் சொல்கிறார்கள். செட் அப், செட் ஆஃப், செட் அவுட், செட் இன், செட் பேக், செட் அசைட். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே தெரியவில்லை. பிள்ளை அழுகிறாள். இந்த ஒரு சொல்லுக்கு 430 பொருள் என்று எங்கோ படித்தேன். இது ஒரு மொழியா? தமிழில் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 10:40

அக்கா, அந்த மூன்று பக்கத்தையும் முதலில் ஓரமாக வையுங்கள். பிள்ளையைத் தூங்கச் சொல்லுங்கள்.

நான் ஆங்கில ஆசிரியர் இல்லை. கட்டுமானத் தளத்தில் கான்கிரீட் வேலையை மேற்பார்க்கிறவன். ஆனால் இந்தச் சொல் நாள் முழுக்க என் காதில் விழுகிறது, ஒவ்வொரு முறையும் வேறு பொருளில். விடுதியில் தங்கியிருக்கும் நம்ம தம்பிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது அவர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இதில்தான். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 5, இரவு 8:55

முதலில் அந்த 430. எண் உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள் பிரித்திருந்தார்கள். அந்த ஒரு பதிவு மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள் ஓடியது. ரொம்ப காலம் ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் கொண்ட சொல் என்று இதைத்தான் சொல்லிவந்தார்கள்.

மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தில் 'ரன்' முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதம் அந்த ஒரு வினைச்சொல்லோடு உட்கார்ந்து 645 பொருள் பிரித்தார். ஓடுகிற ஆற்றிலிருந்து ஓடுகிற கம்ப்யூட்டர் நிரல் வரைக்கும்.

ஆனால் இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. இது அகராதிக்காரர் பிரித்த கணக்கு. வழக்கொழிந்த பொருள், ஒரே ஒரு தொழிலில் மட்டும் இருக்கிற பொருள், நானூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு தடவை எழுதியது எல்லாம் அதில் உண்டு. லண்டனில் பிறந்து வளர்ந்தவருக்கும் அதில் பாதி தெரியாது. பிள்ளைக்கு 430 வேண்டியதே இல்லை. வேர் பிடிபட்டால் போதும்.

மார்ச் 5, இரவு 11:20

தூக்கம் வரவில்லை, அதனால் தளத்தில் நடப்பதை எழுதிவிடுகிறேன்.

காலையில் சர்வேயர் வருவார். கருவியை முக்காலியில் நிறுத்தி, தூண் எங்கே, சுவர் எங்கே என்று வரைபடத்தில் இருப்பதைத் தரையில் குறித்துத் தருவார். ஆணி அடித்து, கோடு இழுத்து, பக்கத்தில் சிவப்பு பெயிண்டில் எண் போடுவார். இதற்குப் பெயர் 'செட்டிங் அவுட்'. புதிதாக வந்த ஒரு தம்பி, "டுமாரோ வீ செட் அவுட் அட் செவன்" என்றதும், ஏழு மணிக்கு எங்கேயோ கிளம்பப் போகிறோம் என்று பையைக் கட்டிக்கொண்டு கேட் பக்கத்தில் நின்றான். அவன் படித்த பொருள் அதுதான், அதுவும் சரியான பொருளே. தளத்தில் அதற்கு வேறு வேலை.

கட்டடத்தை எல்லைக்கோட்டிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளித்தான் எழுப்பணும் என்று விதி இருக்கிறது. அது 'செட்பேக்'. அதே சொல்லை மேனேஜர் கூட்டத்தில் சொன்னால் வேலை பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் எம்ஆர்டி சுரங்கம் போனால் தரை எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பார்க்கக் குறிகள் பதிப்போம். அந்த அமுங்கல் 'செட்டில்மென்ட்'. மாசக் கடைசியில் துணைக் குத்தகைக்காரர் கேட்கிற 'செட்டில்மென்ட்' வேறு, அது பணம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கான்கிரீட்டின் 'செட்'. வெளியில் நிறையப் பேர் செட் ஆவதும் கெட்டிப்படுவதும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இல்லை. செட் ஆவது என்றால் குழைவு போவது. கெட்டிப்படுவது அதற்குப் பிறகு, நாள்கணக்கில். 28-ஆவது நாளில்தான் கனசதுரத்தை நசுக்கி வலிமை பார்க்கிறோம்.

குழைவு எப்போது போகிறது என்று அளக்க ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி உண்டு. லூயி விகா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் (1786–1861) பேரில் விகா ஊசி என்பார்கள். 40 மில்லிமீட்டர் உயர வளையத்தில் சிமெண்ட் பசையை நிரப்பி, 1.13 மில்லிமீட்டர் தடிமன் ஊசியை இறக்குவார்கள். முதலில் ஊசி அடித்தட்டு வரை சுலபமாகப் போகும். கொஞ்ச நேரம் விட்டு இன்னோர் இடத்தில் இறக்குவார்கள். திரும்பவும் இன்னோர் இடம். ஒரு கட்டத்தில் ஊசி அடியைத் தொடாமல் சில மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடும். அந்த நேரம்தான் முதல் செட். இங்கே நடப்பில் இருக்கிற தரத்தின்படி 42.5 வகைச் சிமெண்ட்டுக்கு இது 60 நிமிடத்துக்கு முன்னால் வரக்கூடாது. வந்தால் கொட்டிப் பரப்பிச் சமன்படுத்த நேரம் இருக்காது. அதற்காகவே சிமெண்ட் அரைக்கும்போது ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஜிப்சம் இல்லாவிட்டால் தண்ணீர் பட்ட சில நிமிடத்திலேயே இறுகிப்போகும். அதற்கு 'ஃபிளாஷ் செட்' என்று பெயர்.

முதல் செட் வந்த பிறகு கான்கிரீட்டைக் கிளறினால், அது திரும்ப ஒட்டாது. இருந்த இடத்தில் அமர்ந்துவிட்டது, எழுப்பக்கூடாது. இந்த 'அமர்ந்துவிட்டது' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. நாளைக்கு அதைத்தான் எழுதப்போகிறேன்.

மார்ச் 6, இரவு 9:30

வேர் இதுதான்.

பழைய ஆங்கிலத்தில் 'சிட்டன்' என்றால் உட்கார், இன்றைய 'சிட்'. அதன் பிறவினை 'செட்டன்'. அதாவது உட்கார வை. இன்றைய 'செட்' அதிலிருந்து வந்தது. சிட்: உட்கார். செட்: உட்கார வை. தமிழில் திருந்து, திருத்து என்று தன்வினை பிறவினை சொல்கிறோமே, அதே ஜோடி.

'சீட்', 'செட்டில்', 'சேடில்' எல்லாம் இந்தக் குடும்பம். விளக்குக் கரிக்கு ஆங்கிலத்தில் 'சூட்' என்பார்கள், அதுவும் இந்த வேரே: படிந்து உட்கார்ந்தது. சமஸ்கிருதத்தின் 'சத்' என்ற வேரும் இவற்றுக்கு உறவு. உபநிடதம் என்ற பெயருக்குள் இருப்பது அந்த வேர்தான், குருவின் அருகே அமர்தல்.

மார்ச் 6, இரவு 10:15

இப்போது வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒன்று. 'செட்' வருகிற இடத்தில் தமிழில் 'வை' போட்டுப் பாருங்கள்.

தீ வை. பொறி வை. தேர்வு வை. கடிகாரத்தில் அலாரம் வை. கல்யாணத்துக்கு நாள் வை. விலை வை. ஒதுக்கி வை, அதாவது செட் அசைட். முதல் நாள் உங்களிடம் 'ஓரமாக வையுங்கள்' என்று எழுதினேனே, பிள்ளையின் தாளில் இருக்கிற அதே தொடர்தான். செட் ஆஃப் என்றால் வெடியைக் கிளப்புவது, நாம் வெடி வைப்பது என்கிறோம். செட் ஃபூட் என்றால் காலடி எடுத்து வைப்பது. செட் அவுட், செட் ஆஃப் இரண்டும் பயணம் கிளம்புவதற்கும் வருகிறதே, அது எப்படி என்று குழம்புவார்கள். உட்கார வைக்கிற சொல் எப்படி எழுந்து போவதாகும்? தன்னைத் தானே பாதையில் கொண்டுபோய் வைப்பது. அடியெடுத்து வைப்பது. பிள்ளைக்கு இப்படிச் சொன்னால் ஒருதரம் போதும்.

ஆங்கில வினைக்குள்ளே இருக்கிற ஏவல் வேலையும் நம்ம 'வை'க்கு உண்டு. 'செட் தெம் டு வொர்க்' என்றால் அவர்களை வேலை செய்ய வைத்தான். 'செட் ஹிம் திங்கிங்' என்றால் அவனை யோசிக்க வைத்தது. இலக்கணத்திலேயே இரண்டும் இவ்வளவு நெருக்கமாகப் போவது எனக்குத் திரும்பத் திரும்ப ஆச்சரியம். எங்கோ வட ஐரோப்பாவில் முளைத்த சொல்லும் தமிழ் வினையும் ஒரே வழியில் நடக்கின்றன. உறவு ஒன்றும் கிடையாது. பொருளை ஓர் இடத்தில் இருத்துவது என்பது எந்த ஊர் மனிதனுக்கும் பொதுவான வேலை, அதனால் அந்த வினை எல்லா வேலைக்கும் கை கொடுக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிரிகிற இடங்களையும் சொல்லணும். 'செட் ஐஸ் ஆன்' என்றால் பார்த்தான், அவ்வளவுதான். 'கண் வைத்தான்' என்றால் நம்ம வீட்டில் சுற்றிப் போடுவார்கள். 'செட் ஹிஸ் ஹார்ட் ஆன்' என்பது ஒன்றின்மேல் தீராத ஆசை. 'மனசு வைத்தால் நடக்கும்' என்பது வேறு. பருவமழை 'செட் இன்' ஆவதற்கு 'வை' பொருந்தவே பொருந்தாது. 'மழை பிடித்துக்கொண்டது' என்பதே அதற்குத் தமிழ்.

மார்ச் 7, மதியம் 1:05

காப்பிக் கடையிலிருந்து. ஜூரோங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எல்லாம் உட்கார வைப்பது என்றால், காயா டோஸ்ட் செட் எப்படி? கணக்குப் பாடத்தில் வருகிற செட் எப்படி? அங்கே எது உட்காருகிறது?"

நல்ல கேள்வி ஐயா. அங்கே எதுவும் உட்காருவதில்லை. அது வேறு சொல். லத்தீனில் 'செக்டா' என்றால் ஒருவரைப் பின்பற்றிப் போகிற கூட்டம். அது பழைய பிரெஞ்சில் 'செட்' என்று தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' அதே லத்தீன் சொல்லின் இன்னொரு பிள்ளை. ஏற்கெனவே இருந்த உட்கார வைக்கிற 'செட்' ஓசையில் ஒத்துப்போனதால் இரண்டும் கலந்துவிட்டன. இன்று யாருக்கும் பிரித்துப் பார்க்கத் தோன்றாது.

கணக்கில் வருவது இந்தக் கூட்டப் பொருள். கேயார்க் கேன்டர் 1874-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த துறை அது. அவர் ஜெர்மனில் 'மெங்கெ' என்றார், ஆங்கிலத்தில் 'செட்' ஆனது, தமிழ்ப் பாடநூலில் 'கணம்' என்று போட்டார்கள். பூதகணம், சிவகணம் என்று நமக்குப் பழக்கமான கூட்டம்தான். இதைவிடப் பொருத்தமான கலைச்சொல் கிடைத்திருக்காது.

என் மேசையில் இருக்கிற செட்டில் இரண்டு 'செட்'டும் இருக்கிறது. டோஸ்ட், இரண்டு அரைவேக்காட்டு முட்டை, கோப்பி மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டம். முட்டையை உடைத்து ஊற்றினால் வெள்ளை இன்னும் முழுதாகச் செட் ஆகவில்லை. வெள்ளைக்கரு 62 பாகை செல்சியஸ் அளவில் இறுகத் தொடங்கும், மஞ்சள் இறுக அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். சோயா சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டுக் கலக்கிக் குடிக்கிற பதம் அது. ஒரு தட்டு, இரண்டு வேர். ஆர்டர் எடுக்கிற சீன ஆன்ட்டி இதே செட்டைத் 'தாவ்சான்' என்கிறார்.

மார்ச் 7, இரவு 9:50

இப்போது அக்கா சொன்ன இன்னொன்று. தமிழில் ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒழுங்காக இருக்கிறது என்றீர்கள். தமிழ்மேல் இருக்கிற அன்பில் சொல்கிறீர்கள், எனக்கும் அந்த அன்பு உண்டு. ஆனால் தமிழின் பெருமை அது இல்லை அக்கா.

தொல்காப்பியம் உரியியலின் தொடக்கத்திலேயே 'ஒருசொல் பலபொருட்கு உரிமை தோன்றினும் பலசொல் ஒருபொருட்கு உரிமை தோன்றினும்' என்று வருகிறது. இரண்டு பக்கமும் உண்டு என்று அன்றே தெரிந்து வைத்திருக்கிறார்கள். 'கடி' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று என்று பத்து பொருள் சொல்லிவிட்டு, அடுத்து ஐயமும் கரிப்பும்கூட ஆகும் என்று சேர்க்கிறார். நன்னூல் 13 பொருள் தருகிறது. கடிநகர் என்றால் காவலுள்ள நகர். கடிமலர் என்றால் அன்று பூத்த பூ. கடிநுனைப் பகழி என்றால் கூர்முனை அம்பு. கடிமிளகு என்றால் காரமான மிளகு. கடிமணம் என்று கல்யாணத்துக்குச் சொல்கிறோம். நாய் கடித்ததும் கடிதான்.

சூடாமணி நிகண்டு என்ற பழைய பாட்டு அகராதியில் ஒருசொல் பலபொருளுக்கென்றே பதினோராம் தொகுதி இருக்கிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் பாட்டாக ஒப்பித்தார்கள், உண்மை. ஆனால் ஒப்பித்துவிட்டு நின்றுவிடவில்லை. அந்தச் சொற்கள் வருகிற பாட்டையும் கூடவே படித்தார்கள். 'கடி' என்ன பொருள் என்று பக்கத்தில் நிற்கிற சொல் சொல்லிவிடும். நகரோடு நின்றால் காவல், மலரோடு நின்றால் புதுமை. துணைப்பாடத் தாளில் அந்தப் பக்கத்துச் சொல்லை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிள்ளை அழுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 8, காலை 7:15

நேற்று எழுதியதை ரயிலில் திரும்பப் படித்தேன். அக்காவுக்கு நியாயம் செய்யவில்லை என்று பட்டது. அவர் சொன்னதில் பாதி சரி.

ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'செட்' போட்டு ஓட்டுகிற இடத்தில் தமிழ் பொருளைப் பார்த்து வினையை மாற்றுகிறது. மோதிரத்தில் கல் பதிக்கிறோம். உடைந்த எலும்பைக் கட்டுகிறோம். பால் உறைகிறது. சிமெண்ட் இறுகுகிறது. பொழுது சாய்கிறது. பாட்டுக்கு மெட்டு அமைக்கிறோம். இவை அத்தனையும் ஆங்கிலத்தில் ஒரே 'செட்'. எதனோடு எது எப்படிச் சேர்கிறது என்பது தமிழ் வினைக்குள்ளேயே இருக்கிறது. கல் பதிவதும் எலும்பு கூடுவதும் ஒரே காரியமில்லை என்று மொழியே சொல்கிறது. இந்த நுட்பத்தை அக்கா ஒழுங்கு என்றார், நான் அதை மறுத்திருக்கத் தேவையில்லை.

மார்ச் 8, இரவு 10:30

தேக்கா பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணே, ஆங்கிலச் செட்டை விடுங்க, நம்ம ஊர்ச் செட்டை எழுதுங்க." எழுதுகிறேன், இது என் மனசுக்கு நெருக்கமான பட்டியல்.

எங்க ஊர்த் திருவிழாவில் முதலில் வந்து இறங்குவது மைக்செட். புளியமரத்தில் குழாயைக் கட்டி, விடியற்காலையில் பாட்டுப் போட்டால்தான் திருவிழா தொடங்கியதாகக் கணக்கு. கூடவே சீரியல் செட் விளக்கு. கோயில் வாசலில் இரண்டு செட் மேளம். வயலில் பம்புசெட். தாத்தாவுக்குப் பல்செட். ரம்மி ஆடினால் 'இன்னும் செட் சேரலை'. பள்ளியில் கூடப் படித்தவன் 'நம்ம செட்டு'. இவை அத்தனையும் கூட்டப் பொருளிலிருந்து கிளைத்தவை. ஆங்கிலேயரிடம் பம்புசெட் என்றால் பம்பும் மோட்டாரும் என்று புரியலாம். ஆனால் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனோம் என்றால் அந்தத் தொட்டியும், முகத்தில் அறைகிற தண்ணீரும், வரப்பும் சேர்ந்த ஓர் இடம் நமக்குத் தெரிகிறதே, அது அவர்கள் அகராதியில் கிடையாது.

அடுத்து 'செட் ஆகுது, செட் ஆகாது'. புது வேலை செட் ஆகிவிட்டதா? இந்த ஊர்ச் சாப்பாடு செட் ஆகலை. இரண்டு பேருக்கும் செட் ஆகாது. இது நம்ம ஊர்ப் பேச்சில் பிறந்த பொருள். பொருந்திப் போவது, ஒத்துப்போவது, பழகிப் போவது மூன்றும் கலந்த ஒன்று. சிங்கப்பூருக்கு வந்த முதல் மாதத்தில் ஊரிலிருந்து போன் செய்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி இந்த ஒன்றுதான்: "செட் ஆயிடுச்சா?" அதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் என்னால் தேடிப் பிடிக்க முடியவில்லை.

'செட்டப்' போன கதை வேறு. அங்கே நிறுவுதல், ஏற்பாடு. சந்தேகப் பொருள் அங்கேயும் உண்டு, இங்கே அதுதான் முன்னால் நிற்கிறது. 'எல்லாம் செட்டப்பு' என்றால் முன்கூட்டியே பேசி வைத்த நாடகம். பேசி 'வைத்த' என்று நானே எழுதுகிறேன் பாருங்கள், 'வை' விடமாட்டேன் என்கிறது.

மார்ச் 9, மாலை 6:20

ஈசூனிலிருந்து ஒரு சகோதரி கேட்டது: "அகர் அகரும் செட் ஆகிறது, ஜெலட்டினும் செட் ஆகிறது. ஜெலட்டின் புட்டிங்கை வெளியில் வைத்தால் இளகுகிறது, அகர் அகர் இளகுவதில்லை. அப்படியென்றால் எது உண்மையான செட்?"

இரண்டும் உண்மைதான். அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருகிறது, பெயரே மலாய். அது 32-லிருந்து 40 பாகைக்குள் இறுகிவிடும். அதாவது நம்ம அடுக்களை மேசையிலேயே. ஆனால் திரும்ப உருக 85 பாகை போல வேண்டும். ஒருமுறை உட்கார்ந்தால் எழுப்புவது கஷ்டம். ஜெலட்டின் விலங்குப் புரதம். குளிர்பெட்டியில்தான் உட்காரும், சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் எழுந்துவிடும். கான்கிரீட் எழவே எழாது, ஏனென்றால் அங்கே நடப்பது சிமெண்ட்டும் தண்ணீரும் சேர்கிற வேதிவினை, ஆறுவதோ காய்வதோ இல்லை. அதனால்தான் தண்ணீருக்கு அடியிலும் கான்கிரீட் செட் ஆகிறது.

மார்ச் 9, இரவு 9:00

சின்னச் சின்னக் கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில்.

'அசெட்' இந்தக் குடும்பம் இல்லை. லத்தீனில் 'போதுமான அளவு' என்பது பிரெஞ்சு வழியாக வந்தது. கடனை அடைக்கப் போதுமான சொத்து என்று சட்டத்தில் தொடங்கிய சொல்.

'அப்செட்' இந்தக் குடும்பம்தான். முதலில் அதற்குத் தூக்கி நிறுத்துவது என்று பொருள் இருந்தது. கவிழ்ப்பது பிறகு வந்தது, மனம் கலங்குவது அதற்கும் பிறகு. எங்கள் கம்பி யார்டில் இன்னொன்று உண்டு. கம்பியின் நுனியை அழுத்தித் தடிக்க வைத்து, அதில் மரை வெட்டி, இரண்டு கம்பியை இணைக்கிற கப்ளர் மாட்டுவோம். அந்த நுனி தடிக்கிற வேலைக்கு அப்செட் என்றே பெயர். "பார் அப்செட் டன்" என்று தாளில் எழுதியிருந்தால் யாருக்கும் வருத்தம் இல்லை என்று அர்த்தம்.

ரம்பத்துக்கும் செட் உண்டு. பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்று வளைத்து விடுவார்கள். வெட்டுக் கோடு தகட்டைவிட அகலமாக இருந்தால்தான் ரம்பம் மரத்தில் சிக்காமல் ஓடும். மரவேலை செய்கிற நண்பர் காட்டித்தான் நான் பார்த்தேன்.

மார்ச் 10, இரவு 9:45

உட்லண்ட்ஸ் அக்கா மறுபடி எழுதியிருக்கிறார்: "எல்லாம் சரி தம்பி, வகுப்பில் தாளை ஒப்பிக்கணுமே, அதற்கு என்ன செய்ய?"

விடுதித் தம்பிகளோடு நான் செய்வதைச் சொல்கிறேன். தாளில் இருக்கிற தொடர்களில் ஐந்து ஆறு மட்டும் எடுங்கள். பிள்ளை வாழ்க்கையில் நடக்கிற வாக்கியமாக ஆக்குங்கள். அலாரம் செட் பண்ணினோம். ஆறரைக்குச் செட் ஆஃப் பண்ணினோம். ஆசிரியர் வீட்டுப்பாடம் செட் பண்ணினார். கைச்செலவுக் காசில் ஒரு வெள்ளி செட் அசைட். ஒவ்வொன்றிலும் மூன்றே கேள்வி கேளுங்கள்: எதை வைத்தார்கள்? எங்கே வைத்தார்கள்? வைத்த பிறகு அது நிற்கிறதா, ஓடத் தொடங்குகிறதா? அலாரம் நிற்கிறது. செட் ஆஃப் ஓடுகிறது. பின்னால் வருகிற சின்னச் சொல், அப், ஆஃப், அவுட், இன், திசையைச் சொல்லுகிறது. அப் என்றால் எழும்பி நிற்கும். இன் என்றால் உள்ளே வந்து தங்கும். ஆஃப், அவுட் என்றால் இருந்த இடத்தை விட்டுப் போகும். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பும்போதும் இந்தத் திசைதான் கைகொடுக்கும்.

எல்லாத் தொடரும் இதில் அடங்காது. அடங்காததை ஒரு பக்கமாக எழுதி, வாசிக்கும்போது எதிர்ப்படுகிற நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒப்பிக்க முடியாவிட்டால் அந்த ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஒரே வாரத்தில் மூன்று பக்கம் ரொம்ப அதிகம், இதைச் சொல்ல ஆங்கிலப் பட்டம் வேண்டாம்.

வீட்டில் தமிழ் பேசுவதை மட்டும் இதற்காகக் குறைத்துவிடாதீர்கள். 'வை' தெரிந்த பிள்ளைக்குச் 'செட்' பாதி தெரியும்.

மார்ச் 11, இரவு 8:30

ஒரு கேள்வி மிச்சம். "என் பையன் ஆங்கிலக் கட்டுரையில் 'திஸ் ஸ்கூல் டஸ் நாட் செட் ஃபார் மீ' என்று எழுதிவிட்டான், ஆசிரியர் சிவப்பில் சுழித்திருக்கிறார். தவறா?"

ஆங்கிலத்தில் தவறுதான். பையன் தமிழ்ச் செட்டை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான். அங்கே பொருந்துவதைச் சொல்கிற 'சூட்' என்று எழுதணும், முன்னால் சொன்ன விளக்குக் கரி 'சூட்' இல்லை. தமிழ்க் கட்டுரையானால் 'ஒத்துவரவில்லை' அல்லது 'பொருந்தவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். நண்பனிடம் பேசும்போது 'செட் ஆகலைடா' என்று தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் அந்த வாக்கியத்தைத் திருத்துவதற்கு முன்னால், பள்ளியில் என்ன செட் ஆகவில்லை என்று அவனிடம் கேட்டுவிடுங்கள்.